காலைப் பார்த்தது போதும், காதைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். போன மாதம் காய்ச்சலும் வாந்தியும் வந்தது. டவுனில் கிளினிக்கில் காட்டி மருந்து கொடுத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். 'கூடவே கூடாது, பிள்ளைக்குக் கால் விழுந்துவிடும்' என்று மாமியார் அழுதார். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் டாக்டர் மறுபடியும் கேட்டபோது என் கணவர் போட்டார், எடுத்தார்கள். 14 நாள் மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். தாளில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நியூமோனியே' என்று எழுதியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓடித் திரிந்த பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறாள். பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் கதவைச் சாத்தினால் திரும்புகிறாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று மாமியார் என்னைத்தான் பேசுகிறார். காது டெஸ்டுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை முதலில் தேறட்டும், பிறகு போகலாம் என்கிறார் கணவர். அவருக்கு லீவு கிடைப்பதும் கஷ்டம். பெரியவனுக்கு ஐந்து வயது, தடிக்காவுக்கு (பாலர் பள்ளிக்கு) போகிறான். ஒட்டிக்கொள்ளும், அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். 1999இல் இந்தப் பக்கம் வந்த பன்றிக் காய்ச்சலா இது என்றும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசிக்கொள்கிறார்கள். இவளுக்கு 15ஆவது மாதத் தடுப்பூசி, வீடு மாறியதில் விட்டுப்போனது. என்ன செய்வது?
ஒரு தாய், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. நாளைக் காலையில் முதல் வேலையாக, காது டெஸ்டுக்குத் தேதி கொடுத்த பிரிவுக்குப் போன் செய்யுங்கள். அட்டையில் 'ஆடியோலஜி' என்று இருக்கும். "ஆனாக் சாயா தாக் டெங்ஙார் லெபாஸ் மெனிஞ்ஜைட்டிஸ்" (மெனிஞ்ஜைட்டிஸுக்குப் பிறகு என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை) என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிச் சொல் முக்கியம். மெனிஞ்ஜைட்டிஸ் என்றால் மூளையைச் சுற்றிய உறையைக் கிருமி தாக்கும் மூளை உறைக் காய்ச்சல்; உங்கள் மகளுக்கு வந்தது அதுதான். சளியில் காது அடைத்த பிள்ளையோ, பேச்சு வரத் தாமதிக்கும் பிள்ளையோ அடுத்த மாதக் கடைசி வரை காத்திருக்கலாம். மூளை உறைக் காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை காத்திருக்கக் கூடாது. இந்தச் சோதனையை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே செய்துவிடுவது நல்லது. தள்ளிப்போனாலும் பிள்ளை தேறிய நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு நோய் தொடங்கி ஐந்து வாரம் ஓடிவிட்டது. அடுத்த மாதக் கடைசி என்றால் பத்து வாரத்தைத் தொடும்.

'தேறட்டும், பிறகு போகலாம்' என்று உங்கள் கணவர் சொல்வது வேறு பல நோய்களுக்குப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது. காரணத்தைச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காதின் உட்புறம், மண்டை எலும்புக்குள், பட்டாணி அளவில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் நீர், அந்த நீரில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள். சத்தம் மூளைக்குப் போவது அவை வழியாகத்தான். மூளையைச் சுற்றி இருக்கும் நீருக்கும் இந்தக் குழலுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வழி உண்டு. மூளை உறையில் பெருகிய கிருமியும் அதன் நஞ்சும் அந்த வழியாக உள்ளே இறங்கி அந்தச் செல்களைக் கொன்றுவிடுகின்றன. பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும். செத்த செல் மறுபடி முளைப்பதில்லை.

இதற்குப் பிறகு நடப்பதுதான் அவசரத்துக்குக் காரணம். புண்பட்ட அந்தக் குழலை உடம்பு ஆற்றப் பார்க்கிறது. முதலில் தழும்புத் திசு வளரும், பிறகு அந்த இடத்தில் எலும்பு கட்டும். சில பிள்ளைகளுக்கு இது நோய் வந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு காதும் முற்றாகப் போன பிள்ளைக்குக் கைகொடுப்பது காக்லியர் இம்பிளான்ட். மெல்லிய கம்பி ஒன்றை அந்த நத்தைக் குழலுக்குள் செலுத்தி, நரம்புக்கு நேராக மின்துடிப்பு கொடுக்கும் கருவி அது. குழல் திறந்திருந்தால் கம்பி முழு நீளமும் போகும். எலும்பு கட்டிவிட்டால், சிமெண்ட் அடைத்த பைப்புக்குள் ஒயர் இழுக்கிற கதைதான்: பாதி போகும், அல்லது போகவே போகாது. ஆறு மாதம் கழித்து வந்து நிற்கும் பிள்ளைக்கு மருத்துவர் கைவிரிக்க வேண்டி வருவது இதனால்தான்.

உங்கள் மகள் அந்த நிலையில் இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாவால் மூளை உறைக் காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் செவித்திறன் ஏதோ ஓர் அளவில் குறைகிறது. உங்கள் தாளில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நியூமோனியே' என்று எழுதியிருக்கும் நியூமோகாக்கஸ் கிருமி என்றால் அதைவிடக் கூடுதல். சிலருக்கு ஒரு காது மட்டும். சிலருக்கு லேசான குறைவு, காதுக் கருவி மாட்டினால் போதும். எது என்று சோதனைதான் சொல்லும்.

கதவைச் சாத்தினால் திரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்ப வேண்டாம். கதவு அடிக்கும்போது தரை அதிர்கிறது, காற்று முகத்தில் படுகிறது, நிழல் ஆடுகிறது. காது கேட்காத பிள்ளை இவற்றை நம்மைவிடக் கூர்மையாகக் கவனிக்கும். பலகைத் தரை வீட்டில் காலடி அதிர்வே போதும். சிமெண்ட் தரையில் அவளை உட்கார வைத்து, விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, பின்னால் மூன்று அடி தள்ளி, அவள் கண்ணோரத்துக்கும் படாமல் நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லுங்கள். பிறகு பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்குங்கள். போன் மணியை ஒலிக்க விடுங்கள். மூன்று தடவைக்கு இரண்டு தடவை திரும்பவில்லை என்றால், அதையும் போனில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் திரும்பிவிட்டாலும் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு காது போயிருப்பதையோ மெல்லிய ஒலிகள் மட்டும் போயிருப்பதையோ வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

இனி தள்ளாட்டம். கேட்கும் குழலை ஒட்டியே, அதே எலும்புக்குள், மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு எப்படித் திரும்புகிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சேதி அனுப்புவது அவைதான். நத்தைக் குழலுக்குள் இறங்கிய கிருமி பக்கத்து அறையை விட்டுவைக்காது. அப்போது காலில் பலம் இருக்கும். ஆனால் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்கிறோமா என்ற சேதி வராது. பகலில் கண்ணால் பார்த்துச் சமாளிப்பாள். பொழுது சாய்ந்ததும் கண்ணின் உதவியும் குறைந்துவிடும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி 'பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம்' என்பதுதான். முதுகு ஊசியால் விழுந்த கால் என்றால் பகலென்றும் இருட்டென்றும் பார்க்காது.

பதினான்கு நாள் படுக்கையில் கிடந்த பிள்ளை எழுந்ததும் ஒரு வாரம் தள்ளாடும், அது இயல்பு. மூன்று வாரம் அப்படி இருக்காது.

காலில் பலம் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்து உள்ளங்காலைச் சீண்டுங்கள்: இரண்டு காலும் ஒரே வேகத்தில் உதைக்கிறதா? தரையில் கிடக்கும் பொம்மையைக் குந்தி எடுத்து, கையூன்றாமல் எழுகிறாளா? எதையாவது பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எட்டுகிறாளா? இவை எல்லாம் சரி, நடக்கும்போது மட்டும்தான் சாய்கிறாள் என்றால், சந்தேகம் காதின் மேல். மாறாக ஒரு காலை மட்டும் இழுக்கிறாள், ஒரு கையை மூடியே வைத்திருக்கிறாள், பொருளை எடுக்கப் போகும்போது கை ஆடுகிறது என்றால், அது மூளையிலேயே ஏற்பட்ட பாதிப்பாக இருக்கலாம். அப்போதும் முதுகு ஊசி காரணமில்லை; ஆனால் வார்டில் பார்த்த மருத்துவரிடம் அன்றைக்கே காட்ட வேண்டும்.

சமநிலைக் குழாய்கள் கெட்டிருந்தாலும் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்வார்கள். கண்ணும் தசையும் அந்த வேலையை மெல்ல எடுத்துக்கொள்ளும். சில வாரமோ சில மாதமோ பிடிக்கும். ஆகவே பாவம் என்று இடுப்பிலேயே தூக்கி வைத்திருக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், செருப்பில்லாமல், சமதரையில் நடக்க விடுங்கள். பிறகு புல்தரை, பிறகு மேடு பள்ளம். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், படுக்கையிலிருந்து எழுந்து வரும் வழியில். பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: தண்ணீர். உட்காது சமநிலை போன பிள்ளைக்கு, தண்ணீருக்குள் தலை மூழ்கினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. மேலே எழும்பத் தெரியாமல் அடியை நோக்கித் துழாவக்கூடும். குளியலறைத் தொட்டி, லயத்துக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய், ஆறு எதன் பக்கமும் தனியாக விட வேண்டாம். இந்த எச்சரிக்கை இந்த வருடத்துக்கு மட்டுமல்ல. வளர்ந்த பிறகும் நீச்சல் கற்கப் போகும்போது சொல்லிக்கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த முதுகு ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் பயம் வெறுங்காற்றில் பிறந்ததில்லை. முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளைகளுக்குத்தான் அந்தக் காலத்தில் பெரும்பாலும் முதுகுத் தண்ணீர் எடுத்தார்கள். காசநோய் மூளை உறையைத் தாக்கிய பிள்ளை, இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளை. கை கால் விழுந்தது நோயால். ஆனால் குடும்பத்தார் கண்ணால் பார்த்தது ஊசியை. இன்னொரு குழப்பமும் உண்டு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கால் மரத்துப்போகும், அது மருந்தைப் போடுவதால். பிள்ளைக்குச் செய்தது போடுவது அல்ல, எடுப்பது; தோலை மரக்கச் செய்வதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அவரிடம் இப்படிக் காட்டுங்கள். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் உச்சியில் வைத்து, பெருவிரல்களை முதுகுப் பக்கம் நேராக நீட்டினால், இரண்டும் சந்திக்கும் இடம் இடுப்பு முள்ளெலும்புகளில் நாலாவது. ஊசி குத்துவது அதற்கு மேலேயோ கீழேயோ உள்ள இடுக்கில். தண்டுவடம் முதலாவது, இரண்டாவது எலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி படும் இடத்துக்கு மேலே. கீழே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும். பாயசத்தில் மிதக்கும் சேமியாவை ஊசியால் குத்தப் பாருங்கள், வழுக்கி விலகும். அப்படித்தான் அவையும். எடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் நீரை, மூன்று நான்கு குப்பிகளில், குப்பிக்குப் பத்து இருபது சொட்டு; எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிகூட வராது. பெரியவர் உடம்பில் நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு இந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு எடுத்த சொட்டுகள் ஓரிரு மணி நேரத்தில் நிரம்பியிருக்கும்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஓரிரு நாள் முதுகு வலிக்கும். பெரிய பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். சில சமயம் இரத்தம் கலந்துவிடும். இரத்தக் கசிவும் புதிய தொற்றும் மிக அரிது. உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஒன்றுதான்: மூளைக்குள் அழுத்தம் மிக ஏறியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால், மூளை கீழ்நோக்கிச் சரியலாம். அதனால்தான் கண்மணி இரண்டும் ஒரே அளவா, நாடி குறைந்து இரத்த அழுத்தம் ஏறுகிறதா, எழுப்பினால் விழிக்கிறதா, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எத்தனை, குத்தும் இடத்தில் புண் உண்டா என்றெல்லாம் முதலில் பார்க்கிறார்கள். ஒன்று சரியில்லை என்றாலும் மருத்துவரே தள்ளிப்போடுவார், கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் உடனே தொடங்குவார். பெற்றோர் பயப்படுவதற்கு இன்னொரு காரணம், பிள்ளையை இறால் போலச் சுருட்டிப் பிடித்து அழ அழச் செய்வது. சுருட்டினால்தான் எலும்பிடுக்கு விரியும். வெளியே நிற்பவர்களுக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அந்தச் சொட்டுகள் என்ன சொல்லும்? நலமான நீர் குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்; ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு ஐந்துக்குள்; சர்க்கரை இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. பாக்டீரியா என்றால் கஞ்சித் தண்ணீராகக் கலங்கும். வெள்ளணு நூறு, ஆயிரம் என்று ஏறும். கிருமியும் வெள்ளணுவும் தின்று சர்க்கரை பாதிக்கும் கீழே போகும். புரதம் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டும். வைரஸ் என்றால் சர்க்கரை பெரும்பாலும் குறையாது. காசநோய் என்றால் சர்க்கரை குறையும், புரதம் ஏறும், ஆனால் வெள்ளணுவின் வகை வேறு. மருத்துவமோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை: வைரஸில் பலருக்குக் காய்ச்சல் மருந்தும் ஓய்வும் போதும், நியூமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாள், காசநோய்க்கு 12 மாதம். ஆள் யார் என்று தெரியாமல் எதைக் கொடுப்பது?

நீங்கள் ஒரு நாள் தாமதித்ததால் காது போனதா என்று உங்கள் மனம் அரிக்கும். இல்லை. முதல் நாளே மருந்து ஏற்றத் தொடங்கியிருப்பார்கள். தண்ணீர் எடுக்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை. தாமதத்தால் கெடுவது சோதனைதான். இரத்தக் குழாயில் மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே இந்தக் கிருமிகள் ஆய்வகத்தில் வளராமல் போகும். ஆனால் வெள்ளணுவும் புரதமும் சில நாள் மாறாமல் இருக்கும். செத்த கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் உண்டு. இரத்தப் பரிசோதனையிலும் அகப்படலாம். எப்படியோ பெயர் கிடைத்துவிட்டது. கிளினிக்கில் கொடுத்த மருந்தில் ஆன்டிபயாட்டிக் இருந்ததா என்று மட்டும் பாட்டிலைப் பார்த்துச் சொல்லுங்கள். அரைகுறை அளவில் அது கிருமியைக் கொல்லாது, ஆனால் அறிகுறியை மறைக்கும். கிளினிக்கைக் குறை சொல்லவும் வழியில்லை. முதல் இரண்டு நாள் இது மற்ற காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். இந்த வயதில் கழுத்து விறைப்புகூடத் தெரியாமல் போகலாம்.

லயத்தில் பேசிக்கொள்ளும் பன்றிக் காய்ச்சல், அதாவது நிப்பா, இதுவல்ல. அது வைரஸ், உறையை விட மூளையையே தாக்கும், பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்களைத்தான் பெரும்பாலும் பிடித்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக்கில் பெரிதாக வெடித்தது. மலேசியாவில் 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள். முதலில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுவா காவ் பிங் அந்தப் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். எதிலிருந்து தெரியுமா? நோயாளிகளின் முதுகுத் தண்ணீரிலிருந்து. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்து நோயை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். 1999ஐ நினைவு வைத்திருக்கும் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பெரியவனைத் தடிக்காவுக்கு அனுப்பலாம். நியூமோகாக்கஸ் பல பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் கிருமி; உடன் இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லை. மெனிங்கோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியாக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு நாள் ரிஃபாம்பிசின் கொடுத்திருப்பார்கள். ஹிப் கிருமி என்றால், தடுப்பூசி முடியாத சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கும்போது நான்கு நாள். உங்களுக்கு அப்படி எதுவும் கொடுக்காததற்குக் காரணம் மறதி அல்ல, அந்தத் தாளில் இருக்கும் பெயர். டிஸ்சார்ஜ் தாளை டீச்சரிடம் காட்டுங்கள்.

விட்டுப்போன ஊசிக்காக உங்களை நீங்களே வையாதீர்கள். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பரில் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தது. 4, 6, 15 மாதங்களில் மூன்று தடவை. இந்தக் கிருமியில் தொண்ணூறுக்கு மேல் வகைகள், ஊசி தடுப்பது முக்கியமான சிலவற்றை. மூன்றும் போட்ட பிள்ளைக்கும் வேறொரு வகை வரலாம். ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்றும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு) போய், விட்டுப்போனதை எப்போது போடலாம் என்று கேளுங்கள். இம்பிளான்ட் வைப்பதாக இருந்தால் இந்த ஊசி கட்டாயம் கேட்பார்கள். பெரியவன் புத்தகத்தையும் கூடவே காட்டுங்கள்.

காது டெஸ்டுக்கும் காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவை சில: மறுபடி காய்ச்சல், மறுபடி இழுப்பு, காலையில் எழுந்ததும் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, தள்ளாட்டம் நாளுக்கு நாள் கூடுவது. தலைக்குள் நீர் தேங்குவதாகவோ சீழ் கட்டுவதாகவோ இருக்கலாம். இழுப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள். வாயில் கரண்டியோ சாவியோ தண்ணீரோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 999.

சோதனை நாளுக்கு வருவோம். இரண்டு வகை செய்வார்கள். ஒன்றில் காதில் சின்ன அடைப்பான் வைத்து உட்காதின் எதிரொலியைப் பிடிப்பார்கள், சில நிமிடம்தான். இன்னொன்று தலையிலும் காதுக்குப் பின்னாலும் வில்லை ஒட்டி, சத்தத்துக்கு நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது. முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆகும், பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். முந்தைய இரவு நேரம் கழித்துத் தூங்க வையுங்கள், விடியற்காலையில் எழுப்புங்கள், காரில் கண்ணயர விடாதீர்கள். தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், வில்லை ஒட்டாது. தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடும் பாலும் கொடுக்கக்கூடாது என்று போன் செய்யும்போதே கேளுங்கள். அன்றைக்கு மூக்கு ஒழுகினாலும் போங்கள். ஆனால் சொல்லுங்கள், சளி அடைப்பும் முடிவைக் குழப்பும்.

இரண்டு காதிலும் கடுமையான குறைவு என்று வந்தால், அந்த அறையை விட்டு வெளியே வரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உட்காதுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எப்போது? இம்பிளான்ட் செய்யும் குழுவுக்கு யார், எந்தத் தேதிக்குள் எழுதுகிறார்கள்? 'ஆறு மாதம் காதுக் கருவி போட்டுப் பார்க்கலாம்' என்பது வேறு காரணத்தால் காது கேளாத பிள்ளைகளுக்குச் சரி. மெனிஞ்ஜைட்டிஸ் என்று மறுபடி சொல்லுங்கள். பணத்தை நினைத்து அங்கேயே தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கருவி பல்லாயிரம் வெள்ளி என்பது உண்மை. ஆனால் அரசாங்க, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இது செய்யப்படுகிறது. உதவிக்கு வழிகாட்ட மருத்துவமனையிலேயே சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. 'கெர்ஜா சோசியால் பெருபாத்தான்' என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள்.

அதுவரை அவளோடு பேசுவதை நிறுத்தாதீர்கள். அவள் உயரத்துக்குக் குனிந்து, முகத்தில் வெளிச்சம் பட, வாயசைவு தெரியப் பேசுங்கள், கையாலும் காட்டுங்கள்.

உங்கள் கணவர் வேலையை விட்டு வர முடியாவிட்டால் நீங்களும் மாமியாரும் போங்கள். அவர் அந்த அறைக்குள் கூட இருப்பது நல்லதுதான். கணவர் வந்தால், கவுன்டரில் டைம் ஸ்லிப் (மருத்துவமனைக்கு வந்ததற்கான சீட்டு) வாங்கித் தோட்டத்து ஆபீசில் கொடுக்கட்டும். போனில் தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டால், டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்த குழந்தை நிபுணரின் கிளினிக்குக்குப் போய், 'பிள்ளை திரும்புவதில்லை, தள்ளாடுகிறாள்' என்ற இரண்டையும் சொல்லி அவசரக் கடிதம் வாங்குங்கள். அதை ஆடியோலஜி கவுன்டரில் நேரில் கொடுத்து, புதுத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.